சுப்பு வீட்டுத் தம்பூர்

ஒரு விடுகதை போடட்டுமா? சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதானே வருகிறீர்கள்.

வெட்டாது, சுடாது, குத்தாது. வெளியே எடுத்தால் எண்பது பேர் சண்டை நிற்கும். அது என்ன?

வெள்ளைக் கொடியா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே, பச்சைப் புடவை அம்மாள், அவரும் காரைக்கால் பஸ் நிலையத்தில் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு இடம் மாறி அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்.

பதில் உங்கள் தோளில் சாய்ந்துகொண்டு வருகிறது. ஆமாம், இதுதான். தம்பூர். கொஞ்சம் அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வளைவில் ஆடும். குடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது ஒரு பாலம் தாண்டினோமே, பார்த்தீர்களா? நண்டலாறு. இவ்வளவு சின்ன ஆறா என்று பார்க்காதீர்கள். ஒரு காலத்தில் இது இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவில் ஓடிய ஆறு. நாம் புறப்பட்ட பக்கம் பிரெஞ்சுக்காரன். இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். அந்தக் கரையில்தான் எங்கள் பூட்டனார் உட்கார்ந்து தம்பூர் மீட்டி ஒரு சண்டையை நிறுத்தினார். பூட்டனார் என்று சும்மா சொல்கிறேன். என் அப்பாவுக்கே அவர் பூட்டனுக்கு மேலே. சரியான உறவுமுறை வேண்டுமென்றால் என் மகள் ஒரு படம் போட்டு வைத்திருக்கிறாள்.

நீங்கள் சீர்காழியில் இறங்குகிறீர்களா? அதற்குள் முடித்துவிடுவேன்.

என் பெயர் சுப்புராயன். காரைக்காலில் சுப்பு ஆப்டிகல்ஸ் என்று மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கிட்டப் பார்வை, தூரப் பார்வை எதுவானாலும் சரி, ஒரு ஆளுக்கு என்ன தெரியவில்லை என்பதை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டுக்கு சுப்பு வீடு என்று பெயர். ஆட்டோக்காரரிடம் தெருப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. சுப்பு வீடு என்றால் போதும். ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டில் மூத்த மகனுக்கு சுப்பு என்றுதான் பெயர் ஆரம்பிக்கும். சுப்புராயன், சுப்பையா, சுப்பரத்தினம், மறுபடியும் சுப்பையா, அப்புறம் நான். எல்லாம் அந்தப் பூட்டனார் பெயர். தம்பூர் சுப்புராயர். வாசலில் பலகையே மாட்டியிருக்கிறேன், "தம்பூர் சுப்புராயர் இல்லம்" என்று.

அவர் பிரெஞ்சுக்காரன் வைத்திருந்த ஊர்ப் பட்டாளத்தில் இருந்தவர். மிலீஸ் என்பார்கள். முழு நேரச் சிப்பாய் இல்லை. விதைப்புக்கு விடுமுறை, அறுப்புக்கு விடுமுறை, மற்ற நாளில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு எல்லையில் நிற்பார்கள். அப்படி நிற்கும்போது ஒரு நாள் காலையில், அக்கரையில் இங்கிலீஷ்காரனுடைய உப்புக் காவல்காரர்கள் நாற்பது பேர் வந்து நின்றார்கள். யாரோ உப்பைக் கடத்திவிட்டான் என்று கோபம். இக்கரையில் எங்கள் ஆட்கள் நாற்பது பேர். துப்பாக்கியைத் தூக்கப் போகிறார்கள். அப்போது பூட்டனார் தம்பூரை எடுத்தார். மீட்டினார். அந்த நாதத்தில் எண்பது பேரும் உருகிப் போய் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இது என் அப்பா சொன்னது. அவருக்கு அவர் அப்பா சொன்னது. இங்கிலீஷ் கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு "இன்னொரு பாட்டு" என்று கேட்டதாகவும் அப்பா சொல்வார். அது மட்டும் அப்பாவே சேர்த்தது என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் சரித்திரம்.

கழுத்தைப் பிடியுங்கள், கழுத்தை.

இந்தச் சரித்திரத்தை நம்பாத ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். என் மைத்துனன் ஞானமூர்த்தி. என் மனைவி கலாவல்லிக்குத் தம்பி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கிறான். நாள் முழுக்கக் குளிரில் நிற்கிறவனுக்கு வாய் மட்டும் எப்படி அவ்வளவு சூடாக இருக்கிறதோ தெரியவில்லை.

"அத்தான், பட்டாளத்துல தம்பூரா எதுக்கு? எதிரிக்குத் தாலாட்டுப் பாடவா?" என்பான்.

"அதில பாட்டே வராதே அத்தான். ஒரே ஙொய்யுன்னுதானே கேக்கும்? அதைக் கேட்டு எவன் அழுவான்? தூங்கித்தான் போவான்" என்பான்.

போன மே மாதம், பள்ளிக்கூடம் விடுமுறை விடும் நாளன்று, என் மகள் ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தாள். மகள் பெயர் இசைவாணி. ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். பெயரைக் கவனித்தீர்களா? தம்பூருக்காகவே வைத்தது. ஐந்து வயதிலிருந்து தினமும் மாலையில் அரை மணி நேரம் இதைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கிறேன். குரல் இன்னும் வரவில்லை. பாட்டு டீச்சர், "வரும்போது வரட்டும், இப்ப வேண்டாம்" என்றார். பெரிய வித்தை எல்லாம் மெதுவாகத்தான் வரும்.

சுற்றறிக்கையில் இருந்தது இதுதான். ஜூலை மாதம் பள்ளியில் முன்னோர் நாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் முன்னோர் ஒருவரைப் பற்றி மேடையில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். அந்த முன்னோரை நினைவுபடுத்தும் பொருள் ஒன்றை மேடைக்குக் கொண்டுவரலாம். ஒன்று மட்டும். "ஒன்று மட்டும்" என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். மேடை. மைக். என் மகள். பக்கத்தில் தம்பூர். ஊரே உட்கார்ந்து கேட்கிறது. இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்?

ஞானமூர்த்தி அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஆதாரம் என்ன அத்தான் இருக்கு?" என்றான்.

இருக்கிறது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பாதி கிழிந்த ஒரு பிரெஞ்சுக் காகிதம் இருந்தது. பூட்டனார் பட்டாளத்திலிருந்து விடுபட்டபோது கொடுத்தது. அதில் மற்றதெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தால், தம்பூர். எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் தம்பூர் என்று எழுதியிருந்தால் தம்பூர்தானே? வேறு என்னவாக இருக்க முடியும்?

"யாரு கண்டா, கவர்னர் குதிரைக்குப் புல்லு வெட்டிப் போட்டிருப்பாரு" என்றான் ஞானமூர்த்தி. "பிள்ளை கையில ஒரு கட்டுப் புல்லைக் குடுத்து அனுப்புங்க. தூக்கறதுக்கும் சுலபம்."

எனக்கு வந்த கோபத்தில் சவால் விட்டுவிட்டேன். "புதுச்சேரிக்குப் போய், பட்டாளத்துப் பதிவேட்டில் பார்த்து, எழுத்தில் வாங்கிவருகிறேன். வாங்கிவந்தால் நீ முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும்."

"வாங்கி வரலன்னா?"

"வாசல் பலகையை நானே கழற்றிவிடுகிறேன்."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். மீன் குழம்புக் கையோடு வாங்கி மடித்து வைத்துக்கொண்டான்.

மறு வாரமே நானும் இசைவாணியும் புதுச்சேரிக்குப் போனோம். இதே பஸ்தான். பழைய காகிதமெல்லாம் வைத்திருக்கிற ஓர் இடம் இருக்கிறது. அங்கே எங்களுக்கு பிரெஞ்சு படித்துச் சொல்ல ஓர் அம்மாள் கிடைத்தார். செலின் மதாம். பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரிக்க மாட்டார். எதைப் படித்தாலும் மருந்துச் சீட்டு படிப்பது போலப் படிப்பார்.

இரண்டு நாள் எதுவும் கிடைக்கவில்லை. சுப்பு என்ற பெயரில் அந்தப் பட்டாளத்தில் ஆளே இல்லை. சுப்புராயன் இல்லை, சுப்பையா இல்லை, சுப்பிரமணியன்கூட இல்லை. மூன்றாம் நாள் இசைவாணிதான் சொன்னாள்.

"அப்பா, பேரை வச்சுத் தேடாம வேலையை வச்சுத் தேடலாமே?"

செலின் மதாம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். வேலை வாரியாக எழுதியிருந்த இன்னொரு பதிவேட்டை எடுத்து வந்தார். அடுத்த பத்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

அவர் படிக்கப் படிக்க இசைவாணி கோடு போடாத நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. சொல்கிறேன் கேளுங்கள்.

"பெயர், பொன்னுசாமி. ஊர், நிரவி. வயது, இருபத்தாறு. உயரம், ஒரு மீட்டர் ஐம்பத்து நாலு. நெற்றி, சின்னது. முகவாய், உருண்டை. மூக்கு, மிகப் பெரியது." இங்கே நிறுத்திவிட்டு என் மூக்கைப் பார்த்தார். அப்புறம் மேலே படித்தார். "விசேஷ அடையாளம், இடது காதில் ஆடு கடித்த தழும்பு. வேலை, தம்பூர்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "பார்த்தீர்களா! பார்த்தீர்களா!" என்றேன். பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒருவர் பயந்துபோய்ப் பேனாவைக் கீழே போட்டார்.

"உக்காருங்க ஐயா" என்றார் செலின் மதாம். "பிரெஞ்சுல தம்பூர்னா மேளம். மேளம் அடிக்கிறவரையும் அப்படித்தான் சொல்லுவாங்க. பட்டாளத்துல எழுப்பறதுக்கு ஒரு அடி, அணிவகுக்க ஒரு அடி, ஆபத்துக்கு ஒரு அடி, சாப்பாட்டுக்கு ஒரு அடி. அதை அடிக்கிறவர்."

"நம் தம்பூர் இல்லையா?"

"நம்ம தம்பூர் இல்ல."

"இரண்டும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதே?"

"எழுதியிருக்குது. ஆனா அதுல கம்பி இல்ல ஐயா. ரெண்டு குச்சிதான்."

நான் மேளத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மேளம் இல்லாமல் ஒரு கல்யாணம் உண்டா? ஆனால் வாசலில் தம்பூர் என்று பலகை மாட்டிவிட்ட மனிதனுக்கு அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, மேளமே ஆகட்டும், மேளத்தில் நாதம் இல்லையா, மேளம் அடித்தே எண்பது பேரை உருக்கியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்குள் செலின் மதாம் பக்கத்தைத் திருப்பிவிட்டார். தண்டனைப் பட்டியல்.

"ஒன்று. காவல் நேரத்தில் தூங்கியது, இரண்டு நாள் சிறை. இரண்டு. மேளத்தின் தோலைக் கழற்றி உள்ளே கத்தரிக்காய் பதுக்கி வைத்தது, நான்கு நாள். மூன்று."

மூன்றாவதை அவர் வாய்க்குள் ஒரு தடவை படித்துக்கொண்டார். சிரிக்காத அம்மாளுக்கு உதட்டோரம் ஏதோ துடித்தது.

"மூன்று. நண்டலாற்றுக் கரையில், எதிர்க் கரையில் ஆயுதக்காரர்கள் வந்து நின்ற சமயத்தில், ஆபத்து மேளம் அடிக்கும்படி கட்டளையிட்டும், பயத்தினாலோ பசியினாலோ சூப் மேளம் அடித்தது. பதினைந்து நாள் சிறை."

"சூப் மேளமா?"

"சாப்பாட்டு மேளம். பட்டாளத்துல சாப்பாட்டுக்கே சூப்புன்னுதான் பேரு. கஞ்சியா இருந்தாலும் சூப்பு."

அதோடு தளபதி எழுதிய ஒரு கடிதமும் தைத்து வைக்கப்பட்டிருந்தது. செலின் மதாம் மெதுவாகத் தமிழில் சொன்னார். மேளத்தைக் கேட்டதும் நாற்பது சிப்பாய்களும் துப்பாக்கியைப் போட்டுவிட்டுத் தட்டோடு ஓடிவந்து ஆற்றங்கரையில் வரிசையாக நின்றார்கள். எதிர்க்கரைக்காரர்கள் குறி வைத்தவர்கள், நாற்பது தட்டைப் பார்த்ததும் குழம்பிப்போய்த் துப்பாக்கியை இறக்கிவிட்டார்கள். அவர்களும் விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்து வந்தவர்கள். ஒருவன் அக்கரையிலிருந்து "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று கத்தினான். இங்கிருந்து யாரோ "கொள்ளுக் கஞ்சி, கத்தரிக்காய்" என்று கத்தினான். அப்புறம் என்ன? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்துவிட்டார்கள். கடிதத்தின் கடைசி வரி இது: "தட்டுகளும் கரண்டிகளும் போதாமல் போனபடியால், என் சொந்தக் கரண்டியையும் ஓர் இங்கிலீஷ் உப்புக் காவல்காரனுக்குக் கொடுக்க நேர்ந்தது என்பதைத் தங்கள் சமூகத்துக்கு வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

இசைவாணி அந்த இடத்தில் சிரித்தாள் பாருங்கள். மேசைக்கு அடியில் போய்ச் சிரித்தாள். பென்சில் உருண்டு எங்கேயோ போய்விட்டது. ஐந்து வருஷமாகத் தம்பூர் பிடிக்கிற பிள்ளை, ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருக்குமா? அதுவரை பூட்டனார் பேச்சு வந்தாலே "உங்க தாத்தா, உங்க தாத்தா" என்று சொல்கிறவள், அன்றைக்கு மேசைக்கு அடியிலிருந்து, "அப்பா, கத்தரிக்காயை மேளத்துக்குள்ள வச்சிருந்தாராம்பா என் தாத்தா!" என்கிறாள். பொறுப்பில்லாத வயது.

இன்னும் இருக்கிறது. சிறையிலிருந்து வந்தவரை மேளத்திலிருந்து சமையல்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருபத்திரண்டு வருஷம். ஒரு தண்டனை இல்லை. ஓரத்தில் வேறு மையில் ஒரு குறிப்பு. செலின் மதாம் விரல் வைத்துக் காட்டினார்.

"பட்டாளத்தில் இவருக்கு வழங்கும் பட்டப்பெயர், சூப்."

பிறப்புப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தார். பூட்டனாருக்கு ஒரே மகன். எழுதிக்கொண்ட குமாஸ்தா, தகப்பன் பெயர் சூப், பிள்ளை பெயர் ராயன் என்று எழுதியிருந்தான். சூப் ராயன். செலின் மதாம் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சூப்பு ராயன். சூப்புராயன். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஐயா, உங்க பேரு என்ன சொன்னீங்க?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கு நம் பெயர் வாயில் நுழையாது. சுப்பு என்று சொல்லியிருப்பார், அவர்கள் சூப் என்று எழுதிவிட்டார்கள். எவ்வளவு அலட்சியம் பாருங்கள்! நான் அதை செலின் மதாமிடம் விளக்கமாகச் சொன்னேன்.

"இருக்கலாம் ஐயா" என்றார்.

"அப்பா, அப்ப பொன்னுசாமின்னு எப்படிச் சரியா எழுதினாங்க?" என்றாள் இசைவாணி.

பிள்ளைகள் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்கும்.

தம்பூர் சரிகிறது பாருங்கள். அப்படியே உங்கள் பையின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். நன்றி.

ஆனால் ஒன்று. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்துக்கு முத்திரையோடு நகல் வாங்கிவிட்டேன். அதில் தெளிவாக இருக்கிறது: வேலை, தம்பூர். சவால் என்ன? எழுத்தில் வாங்கிவருவது. வாங்கிவிட்டேன். தண்டனைப் பக்கத்துக்கு நகல் கேட்கவில்லை. தேவையில்லாமல் எதற்குக் காகிதத்தை வீணாக்க வேண்டும்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் இசைவாணியிடம் நிதானமாகச் சொன்னேன். "பாப்பா, மாமாவிடம் தம்பூர் என்று மட்டும் சொன்னால் போதும். மேளம், சூப் எல்லாம் சொல்ல வேண்டாம்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"இல்லை. சீக்கிரம் நிறுத்தச் சொல்கிறேன்."

"மேடையிலயும் சீக்கிரம் நிறுத்தணுமா?"

"மேடையில் அப்பா எழுதிக் கொடுப்பதைச் சொன்னால் போதும்."

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நண்டலாற்றுப் பாலம் வந்தபோது மட்டும் எழுந்து நின்று இரண்டு கரையையும் பார்த்தாள்.

நகலைக் காட்டினேன். ஞானமூர்த்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தம்பூர் என்று அவனுக்கும் படிக்க வந்தது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "சரி அத்தான், முன் வரிசையில உக்காந்து கைதட்டறேன்" என்றான். அத்தோடு போயிருக்க வேண்டியதுதானே? போகிற போக்கில் இசைவாணியிடம், "குட்டி, புதுச்சேரியில வேற என்னடி பாத்தீங்க?" என்று கேட்டுவைத்தான்.

"அப்பா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் மாமா."

"எதைச் சொல்லக் கூடாதுன்னார்?"

"மேளத்தை."

சூப்பைச் சொல்லவில்லை. அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லையே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளை.

ஒரு ஐஸ் தொழிற்சாலை முழுக்கக் கேட்கும்படி சிரித்தான். அன்றையிலிருந்து முன்னோர் நாள் வரைக்கும் ஒன்றரை மாதம் அவன் என்னை அத்தான் என்று கூப்பிடவில்லை. "டும் டும் அத்தான்" என்றான். என் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹாரனில் மேளம் அடித்தான். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த ஒருவர் மேலிருந்து மூன்றாவது வரியில் குழம்பிப்போய் முதலிலிருந்து படிக்க வேண்டியதாகிவிட்டது.

நான் பின்வாங்கவில்லை. நான் ஏன் பின்வாங்க வேண்டும்? இரண்டு நிமிடப் பேச்சை எழுதிக் கொடுத்தேன். "நாதத்தால் போரை நிறுத்திய நல்லிசைச் செம்மல்" என்று ஆரம்பம். இசைவாணி மனப்பாடம் செய்தாள். தினமும் ஒப்பித்தாள். ஒரு பிழை இல்லை. ஒரு நாள் மட்டும் நடுவில் நிறுத்தி, "அப்பா, இதுல சாப்பாடு எங்க வருது?" என்று கேட்டாள். வராது என்று சொன்னேன். சரி என்று மேலே சொன்னாள்.

முன்னோர் நாள் காலையில் என்ன நடந்தது என்றால், நான் தம்பூரைத் துடைத்து, சந்தனம் வைத்து, கூடத்தில் வலது பக்கம் சாய்த்து வைத்திருந்தேன். எட்டு மணிக்கு ஞானமூர்த்தி வந்தான். தனியாக வரவில்லை. கல்யாண பேண்டு செட்டிலிருந்து ஒரு பெரிய மேளத்தை வாங்கிவந்து இடது பக்கம் வைத்தான்.

"பதிவேட்டுல மேளம்னுதானே இருக்கு? அப்ப மேளம்தான் மேடைக்குப் போகணும்" என்றான்.

"தம்பூர் என்று இருக்கிறது!"

"அதான் அத்தான், தம்பூர்னா மேளம்!"

"தம்பூர் என்றால் தம்பூர்!"

"அங்க ஊரே வந்து உக்காந்திருக்கும். என் தொழிற்சாலையிலேருந்து மட்டும் பதினோரு பேரு. ஙொய்யுன்னு ஒண்ணைக் காட்டினா எவனும் கைதட்ட மாட்டான்!"

நான் ஏதோ சொன்னேன். அவனும் ஏதோ சொன்னான். நான் தம்பூரின் கழுத்தைப் பிடித்தேன், அவன் மேளத்தின் வாரைப் பிடித்தான். வாசலில் பால்காரர் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்போது கலாவல்லி சமையல்கட்டிலிருந்து வந்தாள். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள். கையில் மாவு.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள். "பேசப் போறது பிள்ளை. பிள்ளையே எடுத்துக்கட்டும். அவ எதை எடுக்கறாளோ அதுதான். அப்புறம் ஒருத்தரும் மூச்சுவிடக் கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஞானமூர்த்திக்கு அவள் அக்காள். எனக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான் பள்ளிச் சீருடையில் நின்ற இசைவாணியைப் பார்த்தேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன? தம்பூரை எடுத்தால் ஐந்து தலைமுறைப் பெயர் நிற்கும். மேளத்தை எடுத்தால் என் பலகை இறங்கும், ஞானமூர்த்தி ஆயுசுக்கும் டும் டும் என்பான். அவள் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் என் பேச்சை மனப்பாடம் செய்த பிள்ளை. தம்பூரைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன்.

அந்தப் பெயரை நிலைநாட்டத்தான் இப்போது மறுபடியும் புதுச்சேரிக்குப் போகிறேன். செலின் மதாமிடம் இந்தத் தம்பூரையே நேரில் காட்டப் போகிறேன். எழுத்து ஒரு சாட்சி என்றால் பொருளும் ஒரு சாட்சி. குடத்துக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, தஞ்சாவூர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று என்று. அது ரிப்பேர் செய்த வருஷமாக இருக்கும்.

சீர்காழி வந்துவிட்டதா? பையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கழுத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். பார்த்து இறங்குங்கள்.

என்ன கேட்கிறீர்கள்? எதை எடுத்தாளா?

சமையல்கட்டுக்குள் போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.